கல்லில் உரித்த நார்

நடக்காத காரியத்தை ‘கல்லில் நார் உரிப்பது’ என்று சொல்வது நம் வழக்கம். கஞ்சனிடம் கைமாற்றுக் கேட்கப் போகிறவர்களைப் பார்த்தும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் நிஜமாகவே நார் உரிகிற கல் ஒன்று உண்டு. பாறையின் வெடிப்புகளில், பட்டு நூலைச் சீவி அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். பிரித்தால் பிரியும், முறுக்கினால் முறுக்கேறும். நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம். நெருப்பில் போட்டாலும் எரியாது. தமிழில் அதற்குக் கல்நார் என்றே பெயர். கல்நார் என்றால் யாருக்குத் தெரிகிறது? ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடனே தலைக்கு மேலே நிமிர்ந்து பார்ப்போம்.

கொங்குச் சீமையில் தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஊர் ஏது? தறிக்குடோன், கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகை, சைக்கிள் ஸ்டாண்டு, வாடகைக்கு விடும் லைன் வீடு எல்லாவற்றுக்கும் அதுதான் கூரை. சமீபத்தில் நான் போத்தனூரிலிருந்து சேலம் வரை ரயிலில் போய், நடுவில் சோமனூரில் இரண்டு நாள் தங்கி வந்தேன். அந்தப் பிரயாணம் முழுக்க இந்தக் கல்நார் கூடவே வந்தது. வழியில் கண்டதையும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததையும் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போத்தனூர்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் போத்தனூர். கோயமுத்தூர் டவுனுக்கு ரயில் போவதற்கு முன்னாலேயே, 1860-களிலேயே ரயிலைப் பார்த்த ஊர் என்று இங்கே உள்ளவர்களுக்குப் பெருமை. ஊருக்கு இன்னொரு அடையாளம் எவரெஸ்ட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு ஆலை. 1953-ல் வந்தது. சிமெண்டுக்கும் தொலைவு போக வேண்டாம். பக்கத்து மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டி, 1930-களிலேயே சிமெண்டு ஆலை வைத்துவிட்டார்கள்.

சீட்டு எப்படிச் செய்கிறார்கள் என்பது நம் போன்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும் சங்கதி. மண் சுவர் வைக்கிறவர்கள் சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பார்கள் அல்லவா? வைக்கோல் இருந்தால் சுவர் வெடிக்காது, மண் பிடித்து நிற்கும். அந்த வேலையைத்தான் சிமெண்டுக்குள் கல்நார் செய்கிறது. நூறு பங்கில் எட்டுப் பத்துப் பங்குதான் நார். மீதியெல்லாம் சிமெண்டும், அனல்மின் நிலையச் சாம்பலும், அது போன்றவையும்தான்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா தேசத்து லுட்விக் ஹாட்செக். 1900-ஐ ஒட்டிய காலம். காகிதம் செய்கிற இயந்திரத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார். நாரையும் சிமெண்டையும் தண்ணீரில் கூழாகக் கரைத்து, சுற்றுகிற சல்லடை உருளையில் பாலாடை மாதிரி மெல்லிய ஏடாக எடுக்க வேண்டியது. ஏட்டின் மேல் ஏடாகச் சுற்றி, ஈரம் காய்வதற்குள் அலை அலையாக அச்சில் படிய வைக்க வேண்டியது. காய்ந்தால் சீட்டு. என்றென்றும் நிலைக்கும் என்ற பொருளில் அதற்கு ‘எட்டர்னிட்’ என்று பெயர் வைத்தார்.

நம் ஊர்க்காரர்கள் ஏன் இதை விரும்பினார்கள் என்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டு வீடென்றால் சட்டம், ரீப்பர் என்று மரம் நிறைய வேண்டும். பூனை ஓடினால் ஓடு நகரும், மழைக்கு முன்னால் ஆள் வைத்து மாற்ற வேண்டும். தகரம் என்றால் துருப்பிடிக்கும். சீட்டு விலை மலிவு, கரையான் அரிக்காது, ஒரே நாளில் கூரை ஏறிவிடும். வெயில் காலத்தில் கீழே உட்கார முடியாது என்பதுதான் ஒரே குறை. மேலே தென்னங்கீற்றைப் போட்டுச் சமாளிப்போம்.

கூரை மட்டுமா? நீராவி எஞ்சின் காலத்தில் பாய்லருக்குக் கம்பளி போர்த்தின மாதிரி கல்நாரைச் சுற்றிக் கட்டினார்கள். பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் சூடு மேலே ஏறாமல் தடுத்தது இதுதான். பள்ளிக்கூட லேபில், ஸ்பிரிட் விளக்கின் மேல் கம்பி வலை வைப்பார்களே, நடுவில் வெள்ளையாக வட்டம் இருக்குமே, அதுவும் முன்பெல்லாம் கல்நார்தான். நாங்கள் பத்தாம் வகுப்பில் அதை விரலால் தேய்த்துப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சோமனூர்

போத்தனூரில் ஏறினால் இருகூர், சூலூர் தாண்டிச் சோமனூர். விசைத்தறிச் சத்தம் ஸ்டேஷனிலேயே கேட்கும். எங்கள் பெரியம்மா மகள் அக்கா அங்கேதான் இருக்கிறாள். வீட்டை ஒட்டியே எட்டுத் தறி ஓடும் குடோன். பேத்தி பிறந்து ஐந்து மாதம். மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் புறப்படவில்லை.

நான் போன அன்று குடோன் கூரையில் வெளிச்சத்துக்கு வழி செய்துகொண்டிருந்தார்கள். சீட்டில் இரண்டு முழத்துக்குச் சதுரமாக அறுத்து, அதில் கண்ணாடி சீட்டு வைப்பதாக ஏற்பாடு. இரண்டு சீட்டைக் கீழே இறக்கி வாசலில் போட்டு, கரண்டு கட்டிங் மெஷினால் ஒன்றை அறுத்து முடித்திருந்தார்கள். திருநீறு மாதிரி வெள்ளைத் தூசி. துளசி மாடத்தின் மேலே, கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளின் மேலே, எங்கும் படிந்திருந்தது. தாழ்வாரத்தில் தூளியில் குழந்தை தூங்குகிறது!

முதலில் குழந்தையையும் தாயையும் பின்கட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

“சுண்ணாம்புத் தூசியாட்டத்தான கண்ணு இருக்குது. கூட்டி உட்டாப் போகுது.”

“சுண்ணாம்புன்னா போயிரும் அக்கா. இது போகாது. வெளக்குமாத்த எடுக்காதே, ஈரத்துணி போட்டுத் தொடைக்கச் சொல்லு” என்றேன்.

மெஷின் வைத்திருந்தவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை.

“ஏனுங்கண்ணா, இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதுங்களே?”

“பழகிப்போச்சுங்க அம்மிணி. முப்பது வருசமா இதே பொழப்புத்தான். சீட்டுத் தூசி என்னத்தப் பண்ணிப்போடுது?” என்று சொல்லிவிட்டு இருமினார். இருமி முடிக்க நேரமாயிற்று.

நான் மெதுவாகக் கேட்டேன். “பாதி சீட்டை அறுக்கறதுக்குப் பதிலா, ஒரு சீட்டை முழுசாக் கழட்டிட்டு, அதே அளவுக்குக் கண்ணாடி சீட்டை மாட்ட முடியாதுங்களா?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “முடியுமுங்க. அலையும் ஒண்ணாத்தான் இருக்கும், அப்படியே பொருந்தும். அறுக்கவே வேண்டியதில்லைங்க. ஆரும் அப்படிக் கேக்கறதில்லை. கண்ணாடி சீட்டு காசு கொஞ்சம் சேத்தி ஆகுமுங்க.”

எவ்வளவு என்று கணக்குப் போட்டதில், அக்கா ஒரு வாரம் காய்கறிக்குச் செலவழிக்கிற பணம். மெஷினை எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. வாசலில் தண்ணீர் தெளித்து, அறுத்த துண்டுகளை நனைத்து, கிழியாத உரச்சாக்கில் போட்டுக் கட்டினோம். கொடியில் இருந்த துணிகளை உதறாமல் அப்படியே தண்ணீருக்குள் அமுக்கி நனைத்தோம்.

அவர் மனைவியும் சித்தாளாகக் கூடவே வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்தேன்.

“சாயங்காலம் சட்டை வேட்டியெல்லாம் வெள்ளையா இருக்குமுங்க அக்கா. வாசல்ல நின்னு நல்லா நாலு ஒதறு ஒதறிப்போட்டுத்தான் தண்ணியில போடுவேன். இல்லீன்னா தண்ணியே கலங்கிப்போயிருமுங்க.”

“இருமலுக்கு ஆசுபத்திரியில காட்டினீங்களா?”

“காட்டினமுங்க. டி.பி.யா இருக்குமோன்னு சளி எடுத்துப் பாத்தாங்க. அது இல்லைன்னுட்டாங்க.”

“என்ன வேலை செய்யறார்னு கேட்டாங்களா?”

“கூலி வேலைன்னு சொன்னமுங்க.”

அவர் இருமலுக்குக் காரணம் பீடியா, தூசியா, வேறு எதுவா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ‘கூலி வேலை’ என்ற இரண்டு வார்த்தையில் முப்பது வருஷத் தூசி மறைந்துபோகிறது என்பது மட்டும் எனக்குப் பட்டது. அடுத்த முறை போகும்போது, “சிமெண்டு சீட்டு அறுக்கிற வேலை, முப்பது வருசமா” என்று சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சங்ககிரி

திருப்பூர், ஈரோடு தாண்டி, காவிரிப் பாலம் கடந்தால் சங்ககிரி. மலைக்கோட்டையைப் பார்க்கும் முன் லாரிகளைத்தான் பார்க்க வேண்டும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு மூன்றும் லாரிக்காரர்கள் பூமி. லாரி பிரேக்கில் வைக்கிற லைனிங்கிலும் வெகுகாலம் கல்நாரைத்தான் சேர்த்தார்கள். உரசி உரசிச் சூடாகிற இடத்தில் வேறு எது தாங்கும்? இப்போது கல்நார் இல்லாத லைனிங்குகள் கிடைக்கின்றன. ஆனால் பட்டறைகளில் சக்கரத்தைக் கழற்றியதும், உள்ளே சேர்ந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிவிடும் பழக்கம் போகவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி அனுப்புங்கள்.

சேலம்

சேலத்தில் எங்கள் சின்னம்மா மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. தம்பி கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுக்கிறான். விசேஷம் முடிந்த மறுநாள், “கல்நாரைப் பற்றித்தானே கேட்டுக்கிட்டே இருக்கே? வாக்கா, அதோட தாய்வீட்டைக் காட்டறேன்” என்று அழைத்துப் போனான்.

சேலம் ஜங்ஷனை அடுத்து மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. அந்தப் பக்கம் முழுக்க நிலத்தில் யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று மேடுகள். சுண்ணாம்பு என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரன் இதற்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டான். உண்மையில் அது மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்ளே பதிக்கும், சூடு தாங்குகிற செங்கல் செய்யப் பயன்படுவது.

தம்பி சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த, மெக்னீசியம் நிறைந்த பச்சைக் கருங்கல் ஒன்று இருக்கிறது. டியூனைட் என்று பெயர். அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள், சோடாத் தண்ணீரில் இருக்கிற அதே வாயு கரைந்த நீர் புகுந்து ஊறினால் மேக்னசைட் ஆகிறது. சேலத்தில் நடந்தது அது. வெறும் வெந்நீர் புகுந்து ஊறினால் கல்லே மாறிப் பாம்புத் தோல் மாதிரி பச்சையும் கருப்புமாக ஆகிவிடும். அதற்கு செர்பென்டைன் என்று பெயர். அந்த செர்பென்டைன் கல்லின் கீறல்களில் விளைகிற வெள்ளை நார்தான் கிரைசோடைல். இன்று உலகத்தில் விற்கிற கல்நார் எல்லாமே அநேகமாக இந்த வெள்ளை நார்தான். நீலம், பழுப்பு என்று வேறு வகைகளும் உண்டு. அவை ஊசி மாதிரி விறைப்பானவை, இன்னும் பொல்லாதவை.

நம் பாட்டிமார் வற்றல் குழம்பு வைத்த சேலத்துக் கல்சட்டி இருக்கிறதே, அந்த மாக்கல்லும் இந்த மெக்னீசியக் குடும்பத்துக்குப் பங்காளிதான். ஒரே தாய் வயிற்றில் ஒன்று சட்டியாகவும், ஒன்று செங்கல்லாகவும், ஒன்று நாராகவும் பிறந்தது விந்தைதான்.

“அப்ப இங்கே கல்நார் வெட்டலையா?” என்று கேட்டேன். வெட்டி எடுத்து விற்கிற அளவுக்குப் பேர்பெற்ற இடங்கள் வேறு என்றான். நம் சமையல் மேடைக் கடப்பைக் கல் வருகிற அதே கடப்பா மாவட்டத்தில் புலிவெந்துலா பக்கம். அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் எரிமலைக் குழம்பு நுழைந்த ஓரங்களில் நல்ல நார் விளைந்தது. ராஜஸ்தானத்தில் உதய்பூர் சுற்றுவட்டாரம். ஜார்க்கண்டில் சாய்பாசாவுக்குப் பக்கத்து ரோரோ மலை. ரோரோ சுரங்கத்தை 1983-ல் கைவிட்டுப் போனார்கள். தோண்டிப் போட்ட கழிவு மலைச்சரிவிலேயே கிடந்தது. மழைக்கு அது வயலில் இறங்கியது, பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள்.

மத்திய அரசு 1986-ல் புதிதாகக் கல்நார்ச் சுரங்கக் குத்தகை கொடுப்பதை நிறுத்தியது. பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதை 1993-ல் நிறுத்தியது. ஆனால் சீட்டுச் செய்வதற்குத் தடை இல்லை. அதனால் ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற தேசங்களிலிருந்து நார் கப்பலில் வருகிறது. கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே ஒரு ஊர் இருந்தது. பெரிய சுரங்கம். 2011-ல் வேலை நின்றது. 2018-ல் அந்த நாடு கல்நாரைத் தடை செய்தது. 2020-ல் ஊர்க்காரர்கள் கூடி ஓட்டுப் போட்டு, அந்தப் பெயரே வேண்டாம் என்று ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது

நர்ஸிங் படிக்கும் என் மகள்தான் இந்தப் பகுதிக்கு ஆசிரியை. பருத்தித் தூசியோ மண் தூசியோ பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். கல்நார் இழை நம் தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மெலிசாகப் பிரியக்கூடியது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மல்கூட வராது. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரைக்கும் போய்விடும். அங்கே உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. நீளமான இழையை விழுங்க முடியாமல் அவையே சாகின்றன. புண் ஆறித் தழும்பாகி, மறுபடி புண்ணாகி, பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் தோல் மாதிரி இறுகிப் போகிறது. இதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் மெசோதீலியோமா என்ற புற்றும் வரலாம். இது கல்நார் இல்லாமல் வருவது அபூர்வம்.

இதில் பொல்லாத விஷயம் காலம்தான். இன்று சுவாசித்ததற்கு இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் வினை தெரியும். அதனால்தான், “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று வேலைக்காரர்கள் சொல்வதை நம்புவதற்கில்லை. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்துவிட்டால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகிறது. வெள்ளை நார் உட்பட எல்லாக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு. வேலையிடத்துக் கல்நாரால் உலகத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று அந்த நிறுவனம் கணக்கிடுகிறது.

நூற்றவர்களும் துவைத்தவர்களும்

மகள் படித்துக் காட்டியதில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்றுதான். இந்தக் கேட்டை முதலில் கண்டவர்களிலும், முதலில் பட்டவர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1898-லேயே லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலை ஆய்வாளர், கல்நார்த் தூசி உடம்புக்குக் கெடுதல் என்று அரசாங்க அறிக்கையில் எழுதி வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடிச் சில் மாதிரி கூராக இருக்கிறது என்றும் பதிவு செய்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராச்டேல் என்ற ஊர் நம் கோயமுத்தூர் மாதிரி பஞ்சாலை ஊர். அங்கே நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நார் ஆலையில் நூல் இழுக்கும் வேலை செய்தாள். மில் வேலை தெரிந்த சகோதரிகளுக்குச் சொல்லவே வேண்டாம், பஞ்சுக்குப் பதிலாகக் கல்நார், அவ்வளவுதான். மூச்சு முட்டி வேலையை விட்டாள். கம்பெனியிடமிருந்து உதவித்தொகை கிடைக்கவில்லை. 1924-ல் முப்பத்து மூன்றாவது வயதில் இறந்தாள். வில்லியம் குக் என்ற டாக்டர் அவள் நுரையீரலைச் சோதித்து, கல்நார்த்தான் காரணம் என்று மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயர் வைத்ததும் அவர்தான்.

1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் மற்றவர்களும் மெசோதீலியோமா வந்த 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் கால் வைக்காதவர்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த குடும்பப் பெண்கள், சின்ன வயதில் கழிவு மேட்டில் விளையாடியவர்கள்.

1965-ல் லண்டனில் மூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்சன் என்ற இரண்டு பெண்கள் அதே நோய் வந்த 76 பேரின் வாழ்க்கையைத் துருவிப் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் கல்நார் வேலையே செய்ததில்லை. கல்நார் வேலை செய்கிறவரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் கணவனின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிகள்.

இதை மகள் படித்தபோது எனக்குச் சோமனூர் சித்தாள் பெண்ணின் ‘நாலு ஒதறு’தான் காதில் கேட்டது. வெளியே வேலை செய்கிற ஆணின் அபாயம், அவன் சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது. வாசலில் நின்று அதை முதலில் சுவாசிப்பவள் மனைவி. இடுப்பில் இருந்தால் குழந்தை.

சட்டத்தில் உள்ளது

1995 ஜனவரி 27-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிலாளர்களின் ஆரோக்கியம் அவர்கள் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம் ஆலை வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடு என்றும் உத்தரவிட்டது.

ஈ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலில், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிற மாதிரியே ஆஸ்பெஸ்டோசிஸும் இருக்கிறது. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை அறியாத மில் குடும்பம் கோவையில் கிடையாது. ஆலையில் பதிவாகி வேலை செய்தவர்களுக்கு இந்த வழி உண்டு. ஊர் ஊராகப் போய்ச் சீட்டு மாட்டுகிறவருக்கும், பழைய சீட்டை உடைத்து ஏற்றுகிறவருக்கும் அந்தப் பதிவும் இல்லை, குறிப்பேடும் இல்லை. அவர்களுக்குச் சாட்சி அவர்கள் வாய்ச்சொல் ஒன்றுதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கூரையில் சீட்டு இருக்கிறதே என்று பதற வேண்டாம். உடையாமல், உதிராமல் இருக்கிற சீட்டுக்குள் நாரைச் சிமெண்டு கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. அறுக்கும்போதும், உடைக்கும்போதும், தேய்க்கும்போதும்தான் விடுபடுகிறது. ஆகவே:

பாசி பிடித்தது என்று கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். மேலே ஏறி நடக்கவும் விடாதீர்கள். பழைய சீட்டு சட்டென்று உடைந்து ஆள் விழுந்துவிடுவார்.

அறுக்காமல் முடியுமா என்று முதலில் கேளுங்கள். முழுச் சீட்டாக மாற்றினால் பெரும்பாலும் அறுக்கத் தேவையில்லை. அறுத்தே தீர வேண்டுமென்றால் கரண்டு மெஷின் வேண்டாம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே கை ரம்பத்தால் அறுக்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. துணி, தண்ணீர்க் குடம், தீவனம் எல்லாவற்றையும் முன்னதாக எடுத்துவிடுங்கள்.

பழைய சீட்டைப் பிரித்தால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, கையால் இறக்க வேண்டும். மேலிருந்து போட்டு உடைக்கக் கூடாது. துண்டுகளைக் கனத்த பாலிதீனில் சுற்றிக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று மாநகராட்சி, நகராட்சி சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். பாதைக்குப் பள்ளம் நிரப்பவோ, கிணற்றில் கொட்டவோ வேண்டாம்.

உடைந்த சில்லைக் குழந்தைகள் பாண்டி ஆட்டத்துக்குக் கோடு போட எடுப்பார்கள். குளிர் காயும் நெருப்பில் போட்டால் பட்டென்று வெடிக்கும் என்று பையன்கள் வேடிக்கை செய்வார்கள். இரண்டையும் தடுங்கள்.

தூசியை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி எறியுங்கள்.

கொரோனா காலத்தில் பழகிய துணி மாஸ்க் இந்த இழையைத் தடுக்காது. இதற்கென்று இறுக்கமாகப் பொருந்தும் முகக்கவசம் இருக்கிறது. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் அதை வாங்கிக் கொடுப்பது தர்மம்.

வேலைத் துணியை உதறாதீர்கள். வெளியிலேயே கழற்றச் சொல்லி, நேராகத் தண்ணீருக்குள் அமுக்கித் தனியாகத் துவையுங்கள். அவர் குளித்த பிறகு குழந்தையைத் தூக்கட்டும்.

சீட்டுக் கூரையில் விழுந்த மழைநீரைப் பிடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குடிநீர் வழியாகக் கல்நார் கெடுதல் செய்வதற்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கவலைப்பட வேண்டியது மூச்சைப் பற்றித்தான்.

புதிதாகக் கூரை போடுகிறவர்களுக்கு ஓடு இருக்கிறது, கலர் தகடு இருக்கிறது, கல்நார் சேர்க்காத சிமெண்டு சீட்டும் கடையில் இருக்கிறது. வாங்கும்போது “ஆஸ்பெஸ்டாஸ் கலக்காததுதானே?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சீட்டு ஆலையிலோ, சீட்டுப் போடும் வேலையிலோ, பாய்லர் பழுது பார்ப்பதிலோ, பிரேக் பட்டறையிலோ இருந்தவர் என்றால், அது இருபது வருஷத்துக்கு முந்தியதாக இருந்தாலும் பரவாயில்லை, டாக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். எத்தனை வருஷம், என்ன வேலை, தூசி எவ்வளவு என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுக்க வேண்டுமா என்று அவர் தீர்மானிப்பார். பீடியை விடச் சொல்லுங்கள். நோயாளிக்கு மறந்துபோன வேலை, அவர் துணியைத் துவைத்தவளுக்கு மறக்காது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறபோது அதை நாம்தான் சொல்ல வேண்டும்.